எக்சோஸ் ஓட்டையை அடைக்காமல் சென்சரை மாற்றாதீர்கள்!

ஒரு காலத்தில் தோட்டத்தில் வண்டி என்றால் அது நிர்வாகத்தின் லோரிதான். காலையில் பிரட்டு முடிந்ததும் வெளிக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும். மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். அது கெட்டுப் போனால் பார்த்துக்கொள்ள நிர்வாகம் இருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

இன்று நிலைமை அப்படி இல்லை. நம்மவர் வீட்டு வாசல்களில் பழைய பிக்கப் வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறோம். புல் வெட்டும் குத்தகை எடுத்தவர், ஆடு மாடு வளர்ப்பவர், பட்டணத்திலிருந்து காய்கறி ஏற்றி வந்து தோட்டம் தோட்டமாக விற்பவர், கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமானும் நாற்காலியும் ஏற்றுபவர் என்று பலருக்கும் அந்த வண்டிதான் பிழைப்பு. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கெட்டுப் போனால் பார்த்துக்கொள்ள நிர்வாகம் வராது. நம் கைக்காசுதான் போக வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "வண்டி பெட்ரோலைத் தண்ணி மாதிரி குடிக்குதுங்க. முன்னால மஞ்சள் விளக்கு எரியுது. மேடு ஏறினா இழுக்க மாட்டேங்குது." போர்மனிடம் போனால், பல இடங்களில் உடனே வரும் பதில் இதுதான்: "ஆக்சிஜன் சென்சர் போச்சு அண்ணே, மாத்தணும்." அசல் சாமான் என்றால் சில நூறு வெள்ளி ஆகிறது. கடன் வாங்கியாவது மாற்றுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. "புதுச் சாமானும் போச்சா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பல நேரங்களில் குற்றம் சென்சரில் இல்லை. எக்சோஸ் குழாயில் விழுந்த ஓட்டையில் இருக்கிறது. அந்த ஓட்டை பணத்தைத் தின்பதோடு நிற்பதில்லை. கவனிக்காமல் விட்டால் உயிரையும் தின்னும். ஆகவேதான் இந்த வாரம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுகிறோம்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சென்சரைப் பற்றி நாம் சொல்லப் போவது பெட்ரோலில் ஓடும், இன்ஜெக்‌ஷன் முறை கொண்ட பிக்கப் வண்டிகளுக்கு மட்டுமே. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் அரீனாவை உதாரணமாகச் சொல்லலாம். 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடம், பின்னால் சாமான் ஏற்றும் தட்டு என்று சிறு வியாபாரிக்கு ஏற்ற வண்டி அது. டீசலில் ஓடும் பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்குப் புகைக் கோளாறுக்கான காரணங்கள் வேறு. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் இந்தச் சென்சரே கிடையாது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இயந்திரம் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். இயந்திரத்திலிருந்து புகை வெளியேறும் இரும்பு வார்ப்புக்கு மேனிபோல்ட் என்று பெயர். அதிலோ, அதன் கீழே இறங்கும் குழாயிலோ, பெரிய பிளக்கு போல ஒன்று திருகப்பட்டு, அதிலிருந்து ஒன்று முதல் நான்கு கம்பி வரை வெளியே போனால் அதுதான் ஆக்சிஜன் சென்சர்.

ஆனால் எக்சோஸ் ஓட்டையைப் பற்றியும் நச்சுப் புகையைப் பற்றியும் கீழே சொல்வது எல்லா வண்டிகளுக்கும் பொதுவானது. டீசல் வண்டி வைத்திருப்பவரும் அதைப் படிக்க வேண்டும்.

சென்சர் செய்யும் வேலை

அடுப்பில் விறகு நன்றாக எரிய அளவான காற்று வேண்டும் அல்லவா? காற்று குறைந்தால் கரும்புகை எழும்பும். இயந்திரமும் அப்படித்தான். பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் அதிகமானால் புகையும் செலவும் அதிகம். பெட்ரோல் குறைந்தால் இழுவை இருக்காது.

இந்த அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காகப் புகை போகும் வழியில் ஒரு காவல்காரனை உட்கார வைத்திருக்கிறார்கள். அதுதான் இந்தச் சென்சர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தக் கருவி 1976-ஆம் ஆண்டில் வோல்வோ காரில்தான் முதலில் பொருத்தப்பட்டது. அதன் உள்ளே பீங்கான் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அது 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும் வேலை செய்யத் தொடங்குகிறது. புகையில் ஆக்சிஜன், அதாவது பிராணவாயு, மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட் அளவுக்குச் சிறு மின்சாரம் தரும். பிராணவாயு மிச்சமில்லாமல் பெட்ரோல் அதிகமாக இருந்தால் 0.9 வோல்ட் அளவுக்குத் தரும். இதைப் பார்த்து வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது.

ஓட்டை எப்படி ஏமாற்றுகிறது?

எக்சோஸ் குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும், அவ்வளவுதானே என்று நாம் நினைக்கிறோம். பாதி உண்மைதான். இயந்திரத்திலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை. விட்டு விட்டு, தள்ளித் தள்ளி வருகிறது. ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் இடையே குழாயின் உள்ளே இழுப்பு ஏற்படுகிறது. அந்த நேரத்தில் வெளிக்காற்று ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது.

அந்த ஓட்டை சென்சருக்கு முன்னால் இருந்தால் என்ன நடக்கும்? உள்ளே புகுந்த வெளிக்காற்றில் இருக்கும் பிராணவாயுவைச் சென்சர் பார்க்கிறது. "பிராணவாயு நிறைய மிச்சம் இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஓட்டை இருக்கும்வரை காற்று வந்துகொண்டே இருக்கும். பெட்ரோலும் கூடிக்கொண்டே போகும். பிளக்கு கறுக்கிறது. இழுவை குறைகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் பெட்டி அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப் போகிறது.

இதில் சென்சர் பொய் சொல்லவில்லை. தன் முன்னே வந்த காற்றைப் பார்த்துத்தான் சொன்னது. இந்த நிலையில் புதுச் சென்சரை வாங்கிப் போட்டாலும் அதுவும் அதையேதான் சொல்லும். ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

பட்டறையில் கம்ப்யூட்டர் கருவி வைத்துப் பார்க்கும்போது பி 0171 என்ற எண் வந்தால், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைப்பதாகப் பொருள். சென்சர் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எக்சோஸ் ஓட்டை, இயந்திரத்துக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு, பெட்ரோல் வடிகட்டி அடைப்பு, சரியாக எரியாத பிளக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த எண் வரலாம். பி 0135 போன்ற எண் வந்தால் மட்டுமே சென்சரின் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் பியூசையும் கம்பி இணைப்பையும் பார்க்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் இந்த எண்களே வராது. அங்கே கண்ணும் காதும்தான் கருவி.

ஓட்டையை நாமே கண்டுபிடிக்கலாம்

இதற்குப் பணச் செலவு இல்லை. காலை நேரத்தில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் செய்ய வேண்டும். கை பிரேக்கை இழுத்து, கியரை நடுவில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வெறும் ஜேக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜேக் நழுவி வண்டி மேலே விழுந்து மாண்டவர்கள் உண்டு. கட்டாயம் படுக்க வேண்டும் என்றால் உறுதியான இரும்பு முட்டுகள் கொடுத்த பிறகே படுக்க வேண்டும்.

முதலாவது, காதால் கேளுங்கள். குளிர்ந்த இயந்திரத்தை எழுப்பியதும் மூடிக்குள்ளே "டிக், டிக், டிக்" என்று சத்தம் வருகிறதா? இயந்திரம் சூடாகச் சூடாக அந்தச் சத்தம் குறைகிறதா? அப்படியானால் மேனிபோல்ட்டில் வெடிப்போ, அதன் கேஸ்கட்டில் ஓட்டையோ இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையைத் தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. பலர், "சூடானா சரியாயிடும்" என்று இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

இரண்டாவது, கண்ணால் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மேனிபோல்ட் சேரும் இடம், குழாய்கள் இணையும் இடம், சென்சர் திருகிய இடம் ஆகியவற்றைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். புகை ஒழுகிய இடத்தில் கரி படிந்து கறுப்பாகத் தெரியும். போல்ட்டு, நட்டு ஏதேனும் விழுந்துவிட்டதா, குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்துவிட்டதா என்றும் பாருங்கள். செம்மண் சாலையில் கல் அடிபட்டும், குழியில் குதித்தும் அந்த ரப்பர்கள் அறுந்துவிடுகின்றன. பிறகு குழாயின் பாரம் முழுவதும் மேனிபோல்ட்டின் மேல் விழுந்து அங்கே வெடிப்பு உண்டாகிறது.

மூன்றாவது, சவுக்காரத் தண்ணீர். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே எழுப்பி, ஒருவர் தடித்த துணியைச் சுருட்டி, கையுறை போட்டுக்கொண்டு, பின்னால் புகை வரும் வாயைச் சில வினாடிகள் மட்டும் அடைத்துப் பிடிக்க வேண்டும். முகத்தைத் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் இணைப்புகளில் சவுக்காரத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கொப்பளிக்கும். "உஸ்" என்ற சத்தமும் கேட்கும். குழாய் சூடான பிறகு இதைச் செய்யாதீர்கள். கை வெந்துவிடும், சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கவும் கூடும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பால் டின் வைத்தியம் போதுமா?

தோட்டத்தில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். சைலன்சரில் ஓட்டை விழுந்தால் பால் டின்னை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அவசரத்துக்கு, வீடு வந்து சேருவதற்கு அது உதவும். ஆனால் சென்சருக்கு முன்னால் உள்ள ஓட்டைக்கு இந்த வைத்தியம் பலிக்காது. சத்தம் குறையும், ஆனால் டின் தகரத்துக்கு அடியில் காற்று புகுந்துகொண்டுதான் இருக்கும். சில வாரங்களில் தகரமும் எரிந்துபோகும்.

சரியான வேலை எது என்று தெரிந்திருந்தால் எக்சோஸ் கடையில் நாம் கேட்டு வாங்கலாம்.

கேஸ்கட் போயிருந்தால் புதியது போட வேண்டும். பழைய கேஸ்கட்டின் மேலேயே பசை தடவி மூடுவது வேலை அல்ல. இரண்டு பக்கமும் சுரண்டிச் சுத்தம் செய்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் மேனிபோல்ட் கோணிவிடும்.

துருப்பிடித்த நட்டுகளை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுப்பது கேஸ்கட் மாற்றுவதைவிடப் பெரிய செலவு. முதல் நாள் மாலையிலேயே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் தெளித்துத் திருகுவதே நல்லது. "அவசரமில்லை தவுக்கே, நாளைக்கு வர்றேன், இன்னிக்கு எண்ணெய் மட்டும் அடிச்சு வைங்க" என்று சொல்வதில் நமக்கு நஷ்டம் இல்லை.

குழாயில் ஓட்டை என்றால் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துருப்பிடித்த மெல்லிய தகட்டின் மேல் வெல்டிங் நிற்காது. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் கழித்தல் முனைக் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிடும் அபாயம் உண்டு. பெட்ரோல் டாங்கி அருகே வெல்டிங் வேண்டுமானால் குழாயைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும்.

சென்சர் அருகே சாதாரண சிலிக்கோன் பசையைப் பயன்படுத்த விடாதீர்கள். அதன் ஆவி சென்சரின் முனையில் வெள்ளைப் பொடியாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். சென்சருக்குத் தீங்கில்லாதது என்று எழுதிய பசை கடைகளில் கிடைக்கிறது.

கேட்டலிஸ்ட் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. "இது அடைச்சுப் போச்சு, எடுத்துட்டு வெறும் குழாய் வெச்சிடுறேன்" என்று சொல்லி, கழற்றிய பெட்டியைத் தாமே வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. கழற்றிய எந்தச் சாமானையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடைமை.

இப்போது சென்சரைப் பார்க்கலாம்

ஓட்டைகளை அடைத்தாகிவிட்டது. பிளக்கு, காற்று வடிகட்டி, ரப்பர் குழாய்கள் எல்லாம் சரி. கம்ப்யூட்டரில் பழைய எண்ணை அழித்துவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் இதிலேயே தேறிவிடும்.

அப்படியும் குறை தீராவிட்டால் சென்சரைச் சோதிக்க வேண்டும். பட்டறையில் இருக்கும் எண் காட்டும் டிஜிட்டல் மீட்டரே போதும். முள் ஆடும் பழைய மீட்டர் இதற்கு ஆகாது. இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு, சற்று வேகம் கொடுத்து நிறுத்தி, சென்சரின் செய்திக் கம்பியில் பார்க்க வேண்டும். நான்கு கம்பி உள்ள பெரும்பாலான சென்சர்களில் வெள்ளைக் கம்பி இரண்டும் சூடாக்குவதற்கு, கறுப்பு செய்திக்கு, சாம்பல் நிறம் தரைக்கு. மீட்டர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தால் சென்சர் உயிரோடு இருக்கிறது. எண்ணெய் மிதியை ஒருமுறை வெடுக்கென்று மிதித்தால் எண் மேலே ஏற வேண்டும். விட்டதும் கீழே இறங்க வேண்டும். எதைச் செய்தாலும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், அல்லது மிக மெதுவாக நகர்ந்தால், அதற்கு வயதாகிவிட்டது என்று பொருள். பிந்திய காலத்து வண்டிகள் சிலவற்றில் வேறு வகைச் சென்சர் இருக்கிறது. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கழற்றும்போது அதன் முனையையும் பாருங்கள். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு பழுப்பாக இருந்தால் இயந்திரம் கறுப்பு எண்ணெயைத் தின்கிறது. அந்த நோயைத் தீர்க்காமல் புதுச் சென்சரைப் போட்டால் அதுவும் அதே கதியை அடையும்.

புதுச் சென்சரை வாங்கும்போது உங்கள் வண்டியின் வகையையும் ஆண்டையும் சொல்லி, பழையதைக் கையில் கொண்டுபோய்க் கம்பி எண்ணிக்கையை ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய சென்சர் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கீழே போடக் கூடாது. உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்துவிடும். மரையில் மட்டும் இறுகாமல் காக்கும் பசை தடவலாம். முனையில் ஒரு துளிகூடப் படக் கூடாது. கம்பி சூடான குழாயைத் தொடாதபடி பழைய கொக்கியிலேயே மாட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உங்கள் வண்டி மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 120 லிட்டர் போதும். ஓட்டையினால் அது 8 கிலோமீட்டராகக் குறைந்தால் 150 லிட்டர் வேண்டும். மாதம் 30 லிட்டர் வீண். 2025 செப்டம்பர் இறுதியில் மலேசியக் குடிமக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1 வெள்ளி 99 காசு என்ற மானிய விலையிலேயே கணக்குப் பார்த்தாலும் மாதம் 59 வெள்ளி 70 காசு. ஆண்டுக்கு 716 வெள்ளி 40 காசு.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, குடும்பத்தில் ஒருவர் வெயிலிலும் மழையிலும் செம்பனைக் குலை அறுத்துச் சம்பாதித்த ஏறக்குறைய ஒரு நாள் கூலி, மாதா மாதம் அந்த ஓட்டை வழியாகப் புகையாய்ப் போகிறது. ஒரு கேஸ்கட்டைப் போடத் தயங்கி இதை இழக்கலாமா?

பணம் போனால் சம்பாதிக்கலாம்

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு. வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்சோஸ் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது. மூச்சோடு உள்ளே போனதும் அது இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இரத்தம் ஓடும், ஆனால் உடம்புக்கு உயிர் கொடுக்கும் காற்று போய்ச் சேராது.

2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் பினாங்கு மாநிலத்தில், பெட்ரோல் நிலையம் ஒன்றில் காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கிய நான்கு இளம் பெண்களில் மூவர் மாண்டுபோனார்கள். இந்த நச்சு வாயுவே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. களைப்பாக இருக்கிறது, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்த பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

பழைய பிக்கப் வண்டியில் அபாயம் இன்னும் அதிகம். முன்பக்கம் இயந்திரத்துக்கு அருகே ஓட்டை இருந்தால், துருப்பிடித்த தரைத் தகட்டின் வழியாகவும் கம்பிகள் போகும் துளைகளின் வழியாகவும் புகை உள்ளே வருகிறது. கண்ணாடியை ஏற்றிக் குளிர்ச் சாதனத்தைப் போட்டால் வந்த புகை வெளியே போக வழியில்லை. பின்தட்டில் கூடாரத் துணி கட்டியிருந்தால் வண்டி ஓடும்போது பின்னால் வரும் புகையை அந்தக் கூடாரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாட்டி வீட்டுக்குப் போகிறோம், கோயில் திருவிழாவுக்குப் போகிறோம் என்று பிள்ளைகளை அதில் உட்கார வைக்காதீர்கள். "பிள்ளைங்க நல்லா தூங்குதுங்க" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

வண்டியில் போகும்போது தலைவலி, மயக்கம், குமட்டல், காரணமில்லாத தூக்கம் வருகிறதா? ஒருவருக்கு மட்டுமல்லாமல் கூட வந்தவர்களுக்கும் வருகிறதா? கீழே இறங்கிச் சற்று நேரம் காற்றாட நின்றால் சரியாகிறதா? பித்தம் என்றும் வெயில் என்றும் நினைத்து மருந்தெண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். வண்டியின் எக்சோஸைச் சந்தேகியுங்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு இந்த வாயு இரட்டை ஆபத்து. வயிற்றில் இருக்கும் குழந்தையையும் அது தாக்கும்.

யாராவது மயங்கிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் செல்லுங்கள். 999-க்கு அழையுங்கள். எக்சோஸ் புகையைச் சுவாசித்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தெளிந்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். பாதிப்பு பிறகும் தொடரலாம்.

மூடிய கொட்டகைக்குள் வண்டியை எழுப்பி நிறுத்தி வைக்காதீர்கள். உலர்ந்த லாலான் புல்லின் மேலும் காய்ந்த செம்பனை மட்டைகளின் மேலும் நிறுத்தாதீர்கள். ஓட்டை விழுந்த குழாயும் சூடேறிய கேட்டலிஸ்ட் பெட்டியும் தீ வைத்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே, நல்ல போர்மன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. ஆனால் விவரம் தெரியாமல் போய் நின்றால், எந்தச் சாமானைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான். அடுத்த முறை "சென்சர் போச்சு" என்று சொன்னால் மரியாதையாகவே கேளுங்கள்: "அண்ணே, முதல்ல எக்சோஸ்ல ஓட்டை இருக்கான்னு பார்த்தீங்களா? மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா? எத்தனை காட்டுச்சு?" இந்த மூன்று கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் போர்மனிடம் வண்டியை நம்பி விடலாம். எரிந்து விழுகிறவரிடம் நம் காசைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

தோட்டத்தில் நாலு பேர் வண்டி வைத்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று சேர்ந்து நாலு வண்டியையும் சவுக்காரத் தண்ணீர் வைத்துச் சோதித்துவிடுங்கள். ஒருவர் துணியைப் பிடிக்க, ஒருவர் பார்க்க, அரை நாளில் வேலை முடிந்துவிடும். படித்த பிள்ளைகளை அருகில் நிறுத்தி இந்த விவரங்களை விளக்கிச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களில் ஒருவன் தொழிற்பயிற்சி பெற்று நல்ல போர்மனாக வந்தால் அது நம் சமுதாயத்துக்கே லாபம்.

காலையில் வண்டியை எழுப்பும்போது "டிக், டிக்" என்று கேட்டால், அந்த வாரமே பார்த்துவிடுங்கள். முதலில் ஓட்டையை அடைப்போம். அதன் பிறகு சென்சரைப் பற்றி யோசிப்போம்.